குதிரை வாங்குவதற்கு முன்

கோயம்புத்தூர்,
மாசி 20

அன்புள்ள அம்மிணிக்கு,

அத்தை எழுதுவது. நேற்று நீ போனில் கேட்டதற்கு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பாப்பா பின்னாலிருந்து குதிரை, குதிரை என்று கத்திக்கொண்டிருந்தாள். உன் மாமியார் கீரையை யார் ஆய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை யாரிடமோ விலை பேசிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாங்கள் மலையிறங்கி வந்தபின் உதகை ஃபெர்ன்ஹில் வீடு நான்கு வருஷம் பூட்டிக் கிடந்தது. அதில் மறுபடி அடுப்பு எரிகிறது என்பதே போதும். ஆனால் நீ கேட்ட இரண்டு கேள்விக்கும் அந்தச் சத்தத்துக்கு நடுவே பதில் சொல்லிவிட முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

பின்பக்கத்துத் தோட்டத்தை இந்த வாரமே கொத்தி விதைத்துவிடலாமா என்று கேட்டாய். போட் ஹவுஸ் பக்கம் சவாரி விடுகிறவர் ஒருவர் விற்பதாகச் சொல்லும் மட்டக்குதிரையைச் சித்திரை பிறப்பதற்குள் பாப்பாவுக்கு வாங்கிவிடலாமா என்றும் கேட்டாய். தோட்டம், பாதியை ஆரம்பி. குதிரை, வேண்டாம். இப்போது வேண்டாம்.

தோட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ கரூரில் வளர்ந்தவள். அங்கே மாசி என்றால் வெயில் ஏறத் தொடங்கிவிடும். பின்பனிக் காலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் உனக்குப் புத்தகத்து வார்த்தை. உதகையில் அந்த வார்த்தைக்கு உயிர் இருக்கிறது. மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று வகுத்தவர்கள் அந்த மலையைப் பார்த்துவிட்டுத்தான் வகுத்தார்களோ என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. கார்த்திகையில் தொடங்கும் உறைபனி தையோடு போய்விட்டது போலத் தெரியும். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். வானம் துளி மேகமில்லாமல், காற்று அசையாமல் இருக்கிற ஒரு ராத்திரியில் அது திரும்பி வரும். காலையில் புல் வெள்ளையாக இருக்கும். அவரையும் பீன்ஸும் வெந்நீர் ஊற்றியது போல் கருகித் தொங்கும்.

நாங்கள் அங்கே போன இரண்டாம் வருஷம் எனக்கு அது நடந்தது. உன் மாமா கால்நடைத் துறையில் ஆய்வாளர். ஊர் ஊராகச் சுற்றுகிறவர், மண்ணும் பனியும் அவருக்குத் தெரியும். இன்னும் பதினைந்து நாள் பொறு என்றார். நான் கேட்கவில்லை. ஓடையை ஒட்டிய பள்ளத்துப் பாத்தி முழுவதும் பீன்ஸ் ஊன்றினேன். மாசி கடைசியில் ஒரே ராத்திரியில் அத்தனையும் போயிற்று. அன்றைக்கு அழுதேன். அதைவிட, நீங்கள் சரியாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்று அவரிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தேன். அதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். அதனால்தான் ஒரே தோட்டத்தில் மேட்டுச் செடி பிழைக்கும், பள்ளத்துச் செடி சாகும். ஆகவே மேட்டுப் பாத்திகளை இப்போதே கொத்து. காரட், பீட்ரூட், முள்ளங்கி, பட்டாணி இவையெல்லாம் குளிரைத் தாங்குகிற சாதி, மேட்டில் தைரியமாக விதைக்கலாம். பீன்ஸையும் பள்ளத்தையும் பங்குனி பாதிக்கு விட்டுவை. உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் இப்போது அவசரப்படாதே. நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று அந்த ஊரில் மூன்று போகம் உண்டு. தண்ணீர் வசதி வைத்திருப்பவர்கள் தை மாசியில் போடுகிற நீர்போகத்தை நீ விட்டுவிட்டாய். பங்குனி சித்திரையில் ஊன்றும் கார்போகம் உனக்குச் சரியாக வரும். கோடை மழை அதற்குத் துணைக்கு வரும்.

அந்த மண் புளித்த மண். சுண்ணாம்பு போடாமல் பட்டாணியும் பீட்ரூட்டும் நன்றாக வராது. உருளைக்கிழங்குப் பாத்திக்கு மட்டும் சுண்ணாம்பைத் தவிர்த்துவிடு, தோலில் சொறி விழும். கத்தரிக்கும் வெண்டைக்கும் ஆசைப்பட வேண்டாம் என்று உன் மாமியாரிடம் மெதுவாகச் சொல். அவர் கொண்டுவந்த விதைப் பொட்டலத்தைப் பற்றி நீ சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் ஊரை விட்டு, குளிரில், பேசப் பழகிய ஆள் ஒருவரும் இல்லாத இடத்துக்கு வந்திருக்கிறார். அவருக்கென்று ஒரு பாத்தி ஒதுக்கிக் கொடு. அடுக்களைக் கதவைத் திறந்ததும் வெயில் படுகிற இடத்தில், குனியாமல் வேலை செய்ய இடுப்பளவுக்குக் கல் அடுக்கி உயர்த்திக் கொடு. கொத்தமல்லி, புதினா, வெந்தயக் கீரை அங்கே தாராளமாக வரும். அதில் என்ன போடுவது, எப்போது பறிப்பது என்பதெல்லாம் அவர் சொல்கிறபடி நடக்கட்டும். நீ அதில் கைவைக்காதே.

இனி குதிரைக்கு வருகிறேன். இதைத்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

பாப்பாவுக்கு ஒன்பது வயது. அந்த ஊரில் அந்த வயதுப் பிள்ளைக்குக் குதிரைமேல் ஆசை வராவிட்டால்தான் ஆச்சரியம். மலை ரயில் குன்னூருக்கு 1899இலும் உதகைக்கு 1908இலும்தான் வந்தது. அதற்கு முன் அந்த மலையில் ஏறி இறங்கியவர்களில் பலர் குதிரைமேல்தான் போனார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பந்தயத் திடலில் 1886 முதல் பந்தயம் நடந்தது. 2024இல் அரசு அந்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நாங்கள் இருந்த காலத்தில் சித்திரையில் விடியற்காலைப் பனிமூட்டத்துக்குள் அந்தக் குதிரைகளை நடத்திப் போவார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஊர்ப் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். மூக்கிலிருந்து வரும் ஆவியும் குளம்புச் சத்தமும் இன்னும் என் காதிலும் கண்ணிலும் இருக்கின்றன. பாப்பாவின் ஆசையை நான் சின்னதாக நினைக்கவில்லை.

ஆனால் நீ குதிரை வாங்க நினைக்கும் மாதம் சித்திரை. ஜகரண்டா நீலமாகப் பூத்திருக்கும், பள்ளி விடுமுறை வரும், வெயில் இதமாக இருக்கும், ஏரிக்கரைச் சாலையே திருவிழாவாக இருக்கும். அந்த மாதத்தில் குதிரையைப் பார்க்கிற யாருக்கும் வாங்கத்தான் தோன்றும். சித்திரையில் வாங்கிய குதிரையின் விலை ஆடியில்தான் தெரியும், அம்மிணி. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் வாரக்கணக்கில் துணி காயாது. கொட்டகையில் ஈரம் நின்றால் குளம்பின் அடிப்பக்கம் அழுகி நாற்றமெடுக்கும். புல் நனைந்தே இருக்கும், காய்ந்த தீவனத்தை விலைக்கு வாங்க வேண்டும். கோடைக் கூட்டம் போனபின் வருமானமில்லாத குதிரைகளைச் சிலர் அவிழ்த்து விட்டுவிடுவதை நீயே பார்ப்பாய். மார்க்கெட் பக்கம் குப்பையைக் கிளறிக்கொண்டு, நெற்றியில் மழை வழிய, நடுரோட்டில் அவை நிற்கும். அவற்றில் பிளாஸ்டிக் தின்று சாகிறதும் உண்டு, வண்டியில் அடிபடுகிறதும் உண்டு. உன் மாமா அப்படி எத்தனையோ குதிரைகளுக்குப் பக்கத்தில் ராத்திரியில் உட்கார்ந்திருக்கிறார். குதிரைக்கு வாந்தி வராது. அதன் உடம்பு அப்படி அமைந்தது. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அது வெளியே தள்ள வழியில்லாமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்து உருளும். அந்த வேதனையைப் பார்த்தவர்கள் குதிரை வாங்குவதை விளையாட்டாகப் பேச மாட்டார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் குதிரை 25, 30 வருஷம் இருக்கும். விற்கிறவர் தன் குதிரைக்கு ஐந்து வயது என்கிறார். பல்லைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவர் சொல்லாமல் அந்த வயதை நம்பாதே. ஐந்தே என்று வைத்துக்கொள். பாப்பா கல்லூரிக்கு மலையிறங்கும்போது அதற்குப் பதினான்கு வயதுதான் ஆகியிருக்கும். மாப்பிள்ளைக்கு வங்கியில் மூன்று வருஷத்துக்கு ஒரு மாற்றல். அதை எங்கே கொண்டுபோவாய்? தனியாகக் கட்டி வைக்கவும் கூடாது. மந்தையில் வாழப் பிறந்த பிராணி அது, பக்கத்தில் இன்னொரு குதிரை இல்லாவிட்டால் ஏங்கிப்போகும். ராத்திரியில் சிறுத்தை வருகிற ஊர், கதவு வைத்த கொட்டகை வேண்டும். இத்தனைக்கும் வழி இருக்கிறது என்றால் பிறகு பேசலாம்.

அதற்கு முன் நான் சொல்கிறதைச் செய். நம் வீட்டுக்குக் கீழே, வளைவு தாண்டியதும், நாலைந்து குதிரை வைத்திருக்கிறவர் வீடு இருக்கிறது. நியாயமான மனிதர். அவரிடம் போய், எங்கள் பிள்ளை தினமும் காலையில் ஒரு மணி நேரம் வந்து கொட்டகையில் வேலை செய்யட்டும், சாணத்தை நாங்கள் அள்ளிக்கொண்டு போகிறோம், வாரம் இரண்டு நாள் அவளுக்குச் சவாரி சொல்லிக்கொடுங்கள், அதற்கு என்ன பணமோ கொடுத்துவிடுகிறோம் என்று கேள். பேசுவதற்கு முன் ஒரு குதிரையின் சேணத்தைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார். புண்ணோ, மயிர் உதிர்ந்து வெள்ளையாகத் தழும்போ இருந்தால் பேசாமல் திரும்பிவிடு. முதுகு சுத்தமாக, விலா எலும்பு துருத்தாமல், குளம்பில் லாடம் ஒட்டி உட்கார்ந்திருந்தால் அவர் பராமரிக்கிற ஆள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். கடைசியாக எப்போது அடித்தீர்கள் என்று கேட்டால் நல்ல குதிரைக்காரர் தேதியோடு சொல்வார்.

சவாரி மட்டும் வேண்டும் என்றால் ஏரிக்கரையில் காசு கொடுத்தாலே கிடைக்கும். அதோடு சாணிக்கூடையையும் தூக்க நம் வீட்டுப் பிள்ளைக்கு மனம் வருகிறதா என்று ஆடி மாதம் வரைக்கும் பார்க்க வேண்டும். நான் இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதை நம் குடும்பத்தில் உன் அப்பாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

1993. உன் அத்தானுக்குப் பன்னிரண்டு வயது. கீழ்வீட்டில் அப்போது ஒரு பெரியவர் ராணி என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை வைத்திருந்தார். அதன்மேல்தான் இவன் சவாரி கற்றுக்கொண்டான். ஒரு நாள் சாலையில் போகும்போது லாரிக்காரன் பக்கத்தில் வந்து ஹாரனை அழுத்த, ராணி மிரண்டு ஒதுங்க, இவன் கீழே விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது. நான் அந்தப் பெரியவரைத் தெருவில் நிறுத்தி வாய்க்கு வந்தபடி பேசினேன். குதிரையையும் திட்டினேன். இனிமேல் அந்தப் பக்கமே போகக் கூடாது என்று மகனிடம் சத்தியம் வாங்கினேன். குதிரைமேல் ஏற மாட்டேன் என்று மட்டும் அவன் சத்தியம் செய்தான். அந்த வார்த்தை வித்தியாசத்தை நான் அன்று கவனிக்கவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்தபின் தினமும் ஐந்தரைக்கு எழுந்து போவான். பால் வாங்கத்தான் போகிறான் என்று நினைத்தேன், பாலும் வந்துகொண்டிருந்தது. ஐந்து மாதம் கழித்து ஒரு நாள் அவன் ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கொட்டகைக்குள் அவன் ராணியின் முன்னங்காலை மடக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு, குளம்புக்குள் சிக்கியிருந்த கல்லைக் கொக்கியால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தான். அது மூக்கை அவன் முதுகில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றது. பெரியவர் ஓரமாக உட்கார்ந்து கொள்ளு ஊறிவிட்டதா என்று விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. நான் ஸ்வெட்டரை வேலியில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

உன் மாமாவிடம் சொன்னேன். தெரியும் என்றார். எனக்குத்தான் தெரியவில்லை. ஐந்து மாதம், ஒரு தடவைகூட மேலே ஏறாமல், மழையிலும் குளிரிலும் சாணி அள்ளவும் தண்ணீர் தூக்கவும் ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் போயிருக்கிறான். அவனுக்கு வேண்டியிருந்தது அந்தக் குதிரைதான், சவாரி இல்லை. அதை முன்பே புரிந்துகொண்டிருந்தால் நான் அந்தப் பெரியவரைத் தெருவில் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். மறுநாள் போய் மன்னிப்புக் கேட்டேன். மகனுடைய சத்தியத்தையும் திருப்பிக் கொடுத்தேன். ராணி கிழடாகி ஆளைச் சுமக்க முடியாமல் போனபின்னும் பெரியவர் அதை ரோட்டில் விடவில்லை. கடைசி நாள் வரை வைத்துத் தீவனம் போட்டார். இன்றைக்கும் உன் அத்தான் ஸ்கூட்டரில் போகும்போது சாலையோரம் குதிரை நின்றால் வேகத்தைக் குறைத்து, ஹாரன் அடிக்காமல், தள்ளிப் போவான்.

அதனால் பாப்பாவைக் கொட்டகைக்கு அனுப்பு. அனுப்புவதற்கு முன் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய் ரண ஜன்னி ஊசி, அதுதான் டெட்டனஸ், போட வேண்டுமா என்று கேள். குதிரைச் சாணத்திலும் அது கலந்த மண்ணிலும் அந்தக் கிருமி இருக்கும், சின்னக் கீறலே போதும். பிள்ளைகளுக்கு 10 வயதில் ஒன்றும் 16 வயதில் ஒன்றும் அரசு அட்டவணையில் இருக்கிறது. பெரியவர்கள் நீங்கள் எல்லோரும் கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று யோசியுங்கள். மண்ணில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

குதிரைக்குக் கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் கிட்டத்தட்டச் சுற்றிலும் பார்க்கும், ஆனால் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் அதற்குத் தெரியாது. தெரியாத பக்கத்திலிருந்து போனால் உதைக்கும். அது கெட்ட குதிரை என்று அர்த்தமில்லை, பயந்துவிட்டது. இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போகச் சொல். காதைப் பார்க்கச் சொல். காது முன்னால் நிமிர்ந்திருந்தால் கவனிக்கிறது, பின்னால் தட்டையாக ஒட்டிக்கொண்டால் விலகி நிற்க வேண்டும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. நீயும் கூடப் போவாய் என்பதால் சொல்கிறேன், துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொள். காற்றில் பறக்கிற துணி எந்தக் குதிரையையும் மிரட்டும். ஏறும்போது ஹெல்மெட் இல்லாமல் ஒரு அடிகூட வேண்டாம், பக்கத்து வளைவு வரைதானே என்றாலும் வேண்டாம். தட்டையான விளையாட்டு ஷூ அங்கவடிக்குள் முழுதாக நுழைந்து மாட்டிக்கொள்ளும். குதிகால் வைத்த ஷூ வாங்கு, பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் ஊன்றி, குதிகால் கீழே இறங்கியிருக்க வேண்டும். மட்டக்குதிரை இருநூறு, இருநூற்றைம்பது கிலோதான் இருக்கும். தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதைச் சுமக்க வைக்கக் கூடாது. பாப்பா ஏறலாம். மாப்பிள்ளை ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லிவிடு.

அவருக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். சாணத்தைப் பாப்பா கூடையில் கொண்டுவந்தால் அதை அப்படியே பாத்தியில் கொட்டிவிடாதீர்கள். குதிரைச் சாணம் சூடு. மாடு போல அசைபோடாத பிராணி என்பதால் தின்ற புல்விதை பாதி உயிரோடு வெளியே வரும், உன் தோட்டம் முழுவதும் களை முளைக்கும். பச்சையாகப் போட்ட மண்ணில் காரட் கால் காலாகப் பிளந்து வளரும். பேரிக்காய் மரத்துக்குப் பின்னால் பழைய தகரம் போட்ட இடத்தில் குவித்து, காய்ந்த இலை, அடுக்களைக் குப்பை எல்லாம் கலந்து, ஈரம் காக்க வேண்டும். ஒரு வாரத்தில் உள்ளே கைவைக்க முடியாத அளவு கொதிக்கும், 60 டிகிரி வரைக்கும் போகும். களைவிதையைச் சாகடிப்பது அந்தச் சூடுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் மாப்பிள்ளை மண்வெட்டியால் அதைப் புரட்டிப்போடட்டும். மூன்று மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை மண் வாசனை வரும். அதுவரை மேட்டுப் பாத்திக்கு வீட்டில் மூட்டையாக இருக்கிற மக்கிய தொழுவுரம் போதும். உங்கள் குவியலில் வருவது ஆடிக்குப் பிறகு, கடைபோகத்துக்கு ஆகும். அந்தக் கிழங்கைத் தோண்டும்போது அது யார் யார் கைபட்ட மண் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

தோட்டத்திலிருந்து கொட்டகைக்குப் போகிறதிலும் கவனம் வேண்டும். வெட்டிய புல்வெளிப் புல்லைக் குவியலாகக் கொண்டுபோய்ப் போடாதே, அது உடனே புளித்துச் சூடாகிக் குதிரைக்கு வயிற்று வலி கொண்டுவரும். அரளி, உன்னிச்செடி, தொங்கு ஊமத்தை, உருளைக்கிழங்கின் இலையும் பச்சைப்பட்ட கிழங்கும், எல்லாம் விஷம். வேலியோரத்து அசேலியாவும் அப்படித்தான். பாப்பாவுக்கு ஒவ்வொன்றாகக் கைப்பிடித்துக் காட்டு. காரட்டைக் கொடுக்கலாம், ஆனால் வட்ட வட்டமாக நறுக்கினால் தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் கீறி, உள்ளங்கையைத் தட்டையாக விரித்து வைத்துக் கொடுக்க வேண்டும். விரலை மடக்கினால் காரட் என்று நினைத்துக் கடித்துவிடும்.

பாப்பா சொந்தமாக ஒரு பாத்தி கேட்டால் முள்ளங்கி போடச் சொல். நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கைக்கு வரும். காரட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் ஆகும், அவ்வளவு நாள் காத்திருக்க ஒன்பது வயதுக்குக் கஷ்டம். மே மாத மலர்க் கண்காட்சிக்கு அவளைத் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போ. பூ பார்ப்பதற்கு முன், ஏப்ரல் தொடக்கத்திலேயே ஒருமுறை போய்த் தொட்டிகளைக் காட்டு. அந்தக் கண்காட்சிக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே விதை போட்டு, ஆயிரக்கணக்கான தொட்டிகளைப் பனியிலிருந்து காப்பாற்றி வளர்க்கிறார்கள். 1848இல் பூங்காவை அமைக்க மக்ஐவர் வந்து அந்தச் சரிவைத் திருத்தத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே குனிந்து வேலை செய்தவர்களின் பெயரை எந்தப் பலகையிலும் நான் பார்த்ததில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற தோட்டக்காரரிடம் அவளைப் பேச வை. அவர் நிறையச் சொல்வார்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பத்து நாள் உற்சாகமாகப் போய்விட்டுப் பதினோராம் நாள் போர்வையை இழுத்துக்கொண்டு படுத்தால் பாப்பாவைத் திட்டாதே. கீழ்வீட்டுக்காரருக்குப் போன் போட்டு இன்று வரமாட்டாள் என்று அவளையே சொல்லச் சொல். அந்த வார்த்தையைச் சொல்லும்போது அவள் குரல் எப்படி இருக்கிறது என்று நீ கேள். அதற்குமேல் நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு மாதத்தில் ஆசை தீர்ந்துபோனாலும் நஷ்டமில்லை. கட்டி வைத்த குதிரை ஒன்றும் மழையில் நிற்காது, தோட்டத்துக்குக் கொஞ்சம் உரம் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆடி பதினெட்டு தாண்டியும், கம்பளிக்குமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, நீ எழுப்பாமல் அவளே கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள் என்றால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. அத்தானும் நானும் பஸ் ஏறி வருகிறோம். எந்தக் குதிரை, எங்கே கொட்டகை என்று உட்கார்ந்து பேசுவோம். அவன் பல்லும் பார்ப்பான், குளம்பும் பார்ப்பான். என்னால் ஆன பணமும் கொண்டுவருவேன்.

பின்பக்கத்து அறையில், அரிசி டிரம்முக்கு மேலே ஒரு பரண் இருக்கிறது. அதில் கோணியில் சுற்றி உன் மாமாவின் பழைய சாமான் கொஞ்சம் கிடக்கும். உள்ளே ஒரு குளம்புக் கொக்கி இருக்கும். மரப்பிடி வைத்தது, பிடியில் ஒரு பக்கம் பன்னிரண்டு வயதுக் கை பிடித்துப் பிடித்துத் தேய்ந்திருக்கும். நேற்று ராத்திரி அத்தானிடம் கேட்டேன், கொடுத்துவிடலாம் என்றான். துருவைத் தேங்காய் நாரால் தேய்த்து, கொஞ்சம் எண்ணெய் தடவி, திங்கட்கிழமை காலையில் பாப்பாவிடம் கொடு.

அன்புடன்,
அத்தை